நெறஞ்சிருச்சு

போன மாதம் திருவாதவூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். என் சித்தி புதிதாக வந்த மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"இவ யாருன்னு தெரியுதா? எங்க அக்கா மக. சொந்தச் சடங்கையே அழிச்சவ இவதான்."

அந்தப் பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். எதிர் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. காதோரம் நரைத்துவிட்டது. ஒரு அலுவலகத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் நகராது. பத்தொன்பது வருடம் கழித்தும் இந்தச் சொந்தக்காரர்களுக்கு நான் யார் என்றால் ஒரு வீடியோவை அழித்தவள். அவ்வளவுதான்.

சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். என் வயதுக்காரிகளே, இது உங்களுக்கு. ராணி நாற்காலியில் உட்கார்ந்து ஃப்ளெக்ஸ் பேனரில் தொங்கிய கூட்டம் நாம். உங்கள் பேனரும் ரோட்டில் நாலு நாள் நின்றிருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதன் கீழே நின்று உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அதையெல்லாம் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு ஜி.பி. இடத்தைப் பற்றி. சித்தி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பகுதியை விட்டுவிடுவாள். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது எங்கள் வீடு திருமங்கலத்தில். ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். என் சடங்குக்கு என் தாய்மாமன், அம்மாவின் தம்பி, சிங்கப்பூரிலிருந்து வந்தார். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். கல்யாணம் ஆகாதவர். இருபத்தோரு தட்டு சீர். மேளம் அடித்துக்கொண்டு ரயில்வே கேட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் வந்தது. பட்டுப்புடவைத் தட்டு, வளையல் தட்டு, முழ உயரப் பொம்மை ஒன்று வைத்த தட்டு, கடைசியில் ஒரு தட்டில் அந்தப் பெட்டி. மைக்கில் சீர் வாசித்தவர் அதைப் பார்த்துத் திணறினார். "தாய்மாமன் சீர்... வெளிநாட்டு... வீடியோ கேம்... ஒன்று!"

மண்டபமே சிரித்தது. "மாமன் இப்பவே பொண்டாட்டிக்கு வெளையாட்டுச் சாமான் வாங்கியாந்துட்டாண்டா" என்று யாரோ கத்தினார்கள். மாமாவின் முகம் செத்துப்போனது. நான் பயந்து அழுதேன். அம்மா குனிந்து என் காதில், "அழுகாத, மை கலையுது, வீடியோ எடுக்குறாக" என்றாள்.

அந்தக் கருவிக்குக் கம்பெனிப் பெயர் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. 'கேமு' என்றுதான் பெயர். இரண்டு கையாலும் பிடிக்கும் அகலம். நடுவில் திரை, இடப்பக்கம் நாலு அம்பு, வலப்பக்கம் நாலு பொத்தான். பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி. நகத்தால் நெம்பினால் டிக்கென்று திறக்கும். உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கார்டு. விளையாட்டு, பாட்டு, படம் எல்லாம் அதில்தான். கார்டு வேலை செய்யும்போது மூலையில் ஆரஞ்சு விளக்கு துடிக்கும். சார்ஜ் போட்டால் பின்பக்கம் சுட்டு, புதுச் செருப்பு வாசனை வரும்.

கார்டு ஒரு ஜி.பி. இப்போது என் மகன் சிரிக்கிறான். அவன் ஒரு வாரம் எடுக்கும் போட்டோவே அதற்கு மேல் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஒரு ஜி.பி. ஒரு வீடு. அதிலும் ஏமாற்று. பெட்டிமேல் ஒரு ஜி.பி. என்று போட்டிருந்தது, உள்ளே போய்ப் பார்த்தால் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று எம்.பி. என்றது. மிச்சத்தை யார் தின்றது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சடங்கு முடிந்த மறுவாரம் என் சைக்கிளை அண்ணன் எடுத்துக்கொண்டான். அவன் ப்ளஸ் ஒன். "இனிமே அவ எங்க சைக்கிள்ல போகப் போறா" என்றாள் அம்மா. அப்பா சீட்டை அவன் உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தார். ரயில்வே கேட் வரைக்கும் போய் சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணிவிட்டு வருவேன், அது நின்றது. எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு இறகுப்பந்து ஆடுவேன், அதுவும் நின்றது. பள்ளிக்கூடம், வீடு, ட்யூஷன். ட்யூஷனுக்கு அம்மா கூடவே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு மிஞ்சியது அந்தத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று எம்.பி.

அதில் ஒரு கப்பல் விளையாட்டு இருந்தது. நாற்பத்திரண்டு தீவு. ஒவ்வொரு தீவாகக் கப்பலில் போக வேண்டும். காற்று பார்த்துப் பாய் திருப்ப வேண்டும், குடிதண்ணீர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சண்டையோ ஒரு பேரமோ இருக்கும். கப்பலுக்கு நாமே பெயர் வைக்கலாம். என் பெயரை வைத்தேன். இரண்டரை மாதத்தில் முப்பத்தொன்பது தீவு முடித்திருந்தேன். எந்தத் தீவில் எந்தப் பக்கம் பாறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்னும் மூன்று தீவு இருந்தது. அந்த மூன்றையும் முடிக்க வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இல்லை. அதைச் சின்ன ஆசை என்று நினைப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம்.

ஒரு ஜி.பி.யில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கப்பல் இருநூற்றுத் தொண்ணூறு. அண்ணனுடைய பைக் ரேஸ் நூற்றெண்பது. அண்ணன் ஏற்றி வைத்திருந்த நடிகைகள் படம் நாற்பத்தைந்து. பாட்டு நூறு. எதற்கு எது போக வேண்டும் என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருப்பேன். கணக்குப் பரீட்சைக்கு அவ்வளவு உழைத்ததில்லை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. எடுத்து வேறெங்கும் வைக்க முடியாது. உள்ளே இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

புதிதாக எதை ஏற்றுவதானாலும் மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்குப் போக வேண்டும். ஒருமுறை அம்மா ஜாக்கெட் துணி எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்கார அண்ணன் என் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"பாப்பா, இது ஒரு ஜி.பி. நீ எழுதியிருக்கிறத ஏத்தணும்னா லாரிதான் புடிக்கணும்."

"ரேஸ எடுத்துருங்கண்ணே. நூத்தி எம்பது கெடைக்கும்."

"ரேஸு யாரோடது?"

"எங்கண்ணனோடது."

"அவன் வந்து என்னைய அடிக்கவா?"

அம்மா உள்ளே புகுந்தாள். "அண்ணனோடத எடுக்காதத்தா. உன்னோடதுல எதயாச்சும் எடு."

அவர் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காட்டினார். என் கப்பலுக்குக் கீழே என் பெயரில் பன்னிரண்டு குட்டி வரிசைகள். "இதெல்லாம் நீ எது வரைக்கும் ஆடியிருக்கங்கிறது. தம்மாத்துண்டு. வச்சாலும் ஒன்னும் அடைக்காது, எடுத்தாலும் ஒன்னும் கெடைக்காது. ஆனா பாத்துக்க. கேமு போச்சுன்னா நான் மறுபடி ஏத்திருவேன். இது போனா போனதுதான்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். ஒருமுறை இல்லை, பத்து முறை சொன்னேன். அவன் ஒவ்வொரு தடவையும் "ம்" என்றான்.

பிறகு வீடியோ வந்தது.

சடங்கு எடுத்த வீடியோக்காரர் இரண்டு டிவிடி கொடுத்திருந்தார். நான் மேடையில் உட்கார்ந்திருப்பது, மாமா மாலை போடுவது, இருபத்தோரு தட்டு, ஆரத்தி, பந்தி. நடுநடுவே என் தலை ரோஜாப் பூவுக்குள்ளிருந்து எழுந்து வரும். சுற்றிலும் புறா பறக்கும். அம்மாவுக்கு அதை ஊர் முழுக்கக் காட்ட வேண்டும். ஆனால் திருவாதவூரில் சித்தி வீட்டில் டிவிடி பிளேயர் இல்லை. அண்ணன்தான் யோசனை சொன்னான். "கேமுல ஏத்திரலாம்மா. கையில எடுத்துட்டுப் போயி எங்க வேணா காட்டலாம்."

அறுநூற்றுப் பத்து எம்.பி. சுருக்கியும் அவ்வளவு.

நான் நோட்டை எடுத்தேன். பாட்டைத் தூக்கினேன். நடிகைகளைத் தூக்கினேன். ரேஸையும் தூக்க வேண்டி வந்தது. அண்ணன் குதித்தான். "உன் சடங்குக்கு என் ரேஸா?" அம்மா அவனை அடக்கினாள். சடங்கு வீடியோவுக்காக என்றபோது மட்டும் அவன் சாமானும் போகலாம், எனக்காக என்றால் போகாது. சரி, கப்பல் தப்பியது. வீடியோ அறுநூற்றுப் பத்து, கப்பல் இருநூற்றுத் தொண்ணூறு, என் குட்டி வரிசைகள் இரண்டு. மீதி நாற்பத்தொன்று. பார்த்தீர்களா, பிழைத்துக்கொண்டேன். என் சடங்குக்கும் எனக்கும் சேர்த்து ஒரு கார்டில் இடம் கண்டுபிடித்துவிட்டேன்.

அதன்பிறகு அந்தக் கேமு அம்மாவின் கைப்பைக்குப் போனது. போகிற விசேஷத்துக்கெல்லாம் கொண்டு போனாள். நாகமலை புதுக்கோட்டைக்கு ஒரு காதுகுத்துக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளிடம்கூடக் காட்டினாள். அந்த அம்மாள் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கத்தரிக்காயைச் சொத்தையா என்று புரட்டுகிற பார்வை. "இப்பக் கொஞ்சம் கறுத்துட்டா" என்றார். அம்மா, "மஞ்ச பூசச் சொன்னாக் கேக்க மாட்டேங்குறா" என்றாள். எனக்குக் கிடைத்தது சார்ஜ் தீர்ந்துபோன கேமு. அது ஏறும் வரை காத்திருந்து, மாலையில் ஒரு மணி நேரம் கப்பல் ஓட்டினேன். நாற்பதாவது தீவைப் பிடித்தேன். பாக்கி இரண்டு.

இனி அந்த நாள்.

மாதத்தில் மூன்று நாள் நான் பின்னறையில் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். அந்த மூன்று நாளும் கேமைத் தொடக் கூடாது. முன்பு தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். சடங்கு வீடியோ உள்ளே போன பிறகு அதுவும் சாமி சாமான் மாதிரி ஆகிவிட்டது. "மங்களகரமானது இருக்குற பெட்டி, அதப் போயி தீட்டோட தொடுவியா?" என்றாள் அம்மா. வீடியோவில் இருப்பது நான். வெளியே உட்கார்ந்து தொடக் கூடாது என்று சொல்லப்படுவதும் நான்.

அன்றைக்கு அண்ணன் மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ரேஸைத் திரும்ப ஏற்றப் போகிறான் என்று அவன் போனில் பேசியதிலிருந்து தெரிந்தது. நாற்பத்தொன்றில் நூற்றெண்பது எப்படி நுழையும்? பின்னறைக் கதவுக்குள்ளிருந்து கத்தினேன்.

"அம்மா! கார்டு நெறஞ்சிருச்சுன்னு அண்ணன்கிட்டச் சொல்லு!"

அம்மா அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். "என்னது?"

"கேமு கார்டு! நெறஞ்சிருச்சு!"

"சரி சரி, சொல்றேன்."

எங்கள் அம்மா அரிசி தீர்ந்தால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டாள். இல்லை என்ற சொல் அடுப்படியில் வரக் கூடாது. "அரிசி நெறஞ்சிருச்சு, வாங்கிட்டு வா" என்பாள். எண்ணெய் நிறையும், புளி நிறையும், உப்பு நிறையும். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நிறைந்தது என்றால் எங்கள் வீட்டில் சுத்தமாகக் காலி என்று அர்த்தம்.

அம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தது எனக்குக் கேட்கவில்லை. குக்கர் விசில் அடித்தது. அவள் சொன்னது இதுதான் என்று பின்னால் தெரிந்தது. "டேய், அதுல ஒன்னும் இல்லயாம். காலியாத்தேன் கெடக்காம். நீ ஏத்திட்டு வா."

நான் பாயில் நிம்மதியாகப் படுத்தேன். சொல்லிவிட்டோம், பிழைத்தோம் என்று நினைத்தேன். மடச்சி.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கேமை எடுத்தேன். கப்பல் இல்லை. முதலில் பட்டியலை மேலும் கீழும் தள்ளினேன். அணைத்துத் திரும்பப் போட்டேன். கார்டை உருவி, ஊதி, மறுபடி செருகினேன். வீடியோ இருந்தது. ரேஸ் இருந்தது. சேமித்த ஆட்டங்கள் இருக்கும் இடத்துக்குப் போனால் வெறும் நீலத் திரை.

அண்ணன் முற்றத்தில் என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கப்பல் எங்க?"

"எடுத்துட்டேன். எடம் பத்தல."

"நெறஞ்சிருச்சுன்னு சொன்னேன்ல!"

"அம்மா காலின்னுச்சு. அங்க போயிப் பாத்தா உள்ள ஏதேதோ கெடக்கு. சரி, அம்மா காலின்னா அதெல்லாம் உனக்கு வேண்டாததுன்னு நெனச்சேன்."

"கடைக்கார அண்ணன் ஒன்னும் சொல்லலயா?"

"அவரு வேற ஆள்கூடப் பேசிட்டுருந்தாரு. நானே எடுத்தேன். உன் பேருல பன்னெண்டு வரிசை இருந்துச்சு. அதான் நெறைய எடத்த அடைக்குதுன்னு மொதல்ல அம்புட்டையும் தூக்குனேன். அப்பயும் பத்தல. பெறகு கப்பலத் தூக்குனேன்."

"பன்னெண்டும் சேந்து ரெண்டு எம்.பி.டா!"

துணியைப் பிழிந்துகொண்டே அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ரெண்டுதானா? அப்பப் பெருசா ஒன்னும் போகலல்ல. அதுக்கு எதுக்கு இம்புட்டு அழுக?"

கப்பலை மறுபடி ஏற்றலாம். அந்த இரண்டு எம்.பி.யை யார் ஏற்றுவது? இரண்டரை மாதம் அதில் இருந்தது. நாற்பது தீவு இருந்தது. அதை எடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கப்பலை மட்டும் எடுத்திருந்தால்கூட ரேஸுக்கு இடம் வந்திருக்கும். எண்ணிக்கையைப் பார்த்தானே தவிர எடையைப் பார்க்கவில்லை. இன்று அவன் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறான்.

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா கரண்டியோடு திரும்பினாள்.

"நெறஞ்சிருச்சுன்னு நீதானடி சொன்ன?"

"நெறஞ்சிருச்சுன்னா நெறஞ்சிருச்சும்மா!"

"அதத்தான் நானும் சொன்னேன்."

"நீ காலின்னு சொல்லியிருக்க!"

"நெறஞ்சிருச்சுன்னா பெறகு என்னடி? அரிசி நெறஞ்சிருச்சுன்னா என்ன செய்வோம்?"

"அது அரிசிப் பானையா? கார்டும்மா!"

"எனக்கென்னடி தெரியும். எல்லாம் பானைதான்."

இதை இப்போது சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். நானும் மற்றவர்களுக்கு நடந்ததாக இருந்தால் சிரிப்பேன். இன்றைக்கும் அம்மாவின் போன் வாரம் ஒருமுறை நிறைந்துவிடும். காலை வணக்கப் பூக்கள், முருகன், பேரன் பேத்தி, எல்லாமே ஆறு ஆறு தடவை. என்னைக் கூப்பிட்டுப் போனை நீட்டி, "எதயும் அழிச்சுறாத, எடம் மட்டும் பண்ணிக் குடு" என்பாள். இடம் எங்கிருந்து வரும் என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. யாரோ ஒருத்தி தன்னுடையதை விட்டுக்கொடுத்தால் வரும். அவள் பிறந்த வீட்டில் அவளுடையதும் அப்படித்தான் போயிருக்கும்.

அன்றைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் கேட்டது ஒன்றுதான். "அந்த வீடியோவ அழிச்சிட்டு எனக்கு மறுபடி கப்பல் ஏத்திக் குடுங்க. மொதல்லேருந்து ஆடிக்கிறேன். டிவிடி ரெண்டு இருக்குல்ல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வாயக் கழுவு. வெளக்க அணைன்னு சொல்லுவமா? குளுர வைன்னுதான சொல்றோம். நல்ல காரியத்த அழிக்கிறதுன்னு ஒரு பொட்டப்புள்ள வாயால சொல்லலாமா? இன்னொருக்கா சொன்ன, சூடு போட்டுருவேன்."

விளக்கு அணையக் கூடாது, அரிசி தீரக் கூடாது, வீடியோ அழியக் கூடாது. என் கப்பல் அழியலாம். அதற்கு நல்ல வார்த்தை தேட யாருக்கும் தோன்றவில்லை. "தூக்கிட்டேன்" என்றான் அண்ணன். குப்பையைத் தூக்குவதுபோல.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவாதவூரில் சித்தி வீட்டில் அதை அழித்தேன்.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அங்கேயே அறைந்தாள். கண்ணாடி வளையல் உடைந்து என் தோளில் கீறியது. கேமைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிறகு அது அண்ணனிடம் போய், அவன் கல்லூரி விடுதியில் மூடி உடைந்து, யாரிடமோ மாறிப் போனது. டிவிடி இரண்டும் ஒரு கீறல் இல்லாமல் இன்றும் பீரோவில் இருக்கின்றன. ஒன்றும் அழியவில்லை. நன்றாகக் கவனியுங்கள், அந்த வீட்டில் என்னுடையதைத் தவிர ஒன்றும் அழியவில்லை.

ஆனால் இரண்டு மாதத்தில் மாமாவுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உசிலம்பட்டிப் பெண். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமன் மால போடுறதயே அழிச்சாளே, அவன் கழுத்துல எப்புடி மால ஏறும்?" அன்றிலிருந்து அது என் கணக்கு. எனக்கு மாப்பிள்ளை தட்டிப்போனபோதும் அதுதான் காரணம். சித்தி மகளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தபோதுகூட ஒரு கிழவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நிஜம் எனக்குத் தெரிந்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. மாமாவே சொன்னார். என் சடங்குக்கு வந்தபோதே அவருக்குச் சிங்கப்பூர் வேலை போய்விட்டது. திரும்பிப் போகப் போவதாகச் சொல்லியே பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"சொன்னா என் மானம் போயிரும்லத்தா."

"என்னையச் சொன்னாகளே, அது?"

"நீ சின்னப் பிள்ள. மறந்துருவேன்னு நெனச்சேன்."

அவரை எல்லாரும் தங்கமான மனிதர் என்பார்கள். எனக்குக் கேமு வாங்கித் தந்தவர் அவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இன்றுவரை அம்மாவிடம் அவர் அந்த உண்மையைச் சொல்லவில்லை. என்னையும் சொல்லவிடவில்லை. பந்தியில் சித்தி என்னைக் காட்டிச் சிரித்தபோது இரண்டு இலை தள்ளி அவர் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

இனி, சித்தி விட்டுவிடும் பகுதி.

சித்தி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள். சித்தியின் மாமியார், நாத்தனார், அக்கம்பக்கம். காற்றாடி தலைக்குமேல் கடகடத்தது. எல்லாருக்கும் கலர் சோடா ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். அம்மா கைப்பையிலிருந்து கேமை எடுத்தாள். அவளுக்கு எந்தப் பொத்தான் என்று எப்போதும் குழப்பம். சித்தி, "அவ கையிலயே குடுக்கா, அவளே போட்டுக் காட்டட்டும். அவ சடங்கு, அவ காட்டுனாத்தான் அழகு" என்றாள்.

என் கைக்கு வந்தது. என்னைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தி என் முகவாயைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டாள். நான் பட்டியலுக்குப் போனேன். வீடியோவில் அம்பை நிறுத்தினேன். அது ஒரு சின்னப் படத்தைக் காட்டியது: நாற்காலி, மாலை, நான். மையெல்லாம் கலையாமல் இருந்தேன்.

வேறு பொத்தானை அழுத்தினேன். ஒரு கட்டம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. இதை நீக்கச் சம்மதமா? ஆம். இல்லை.

நான் எத்தனையோ தடவை அந்தக் கட்டத்தைப் படிக்காமலே தாண்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். சடங்கு வைக்கலாமா, நாற்காலியில் உட்காருகிறாயா, இதை எடுக்கலாமா, ஊருக்குக் காட்டலாமா என்று அந்த வருடம் முழுக்க என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்பு 'இல்லை'யில் நின்றது. நகர்த்தினேன்.

சித்தி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"என்னத்தா அப்புடியே நிக்குது? என்னமோ கேக்குதா?"

"ஆமா சித்தி. எனக்குச் சம்மதமான்னு கேக்குது."

"இதுல கேக்க என்ன இருக்கு? சம்மதம்னு அமுக்குடி. எல்லாரும் காத்துக் கெடக்கோம்."

அமுக்கினேன்.